அந்த உயிலில் இருந்த இரண்டு குடும்பங்கள்

வர்ஜீனியாவில், அமெரிக்கா விடுதலை அடைவதற்கு முன் வாழ்ந்த ஒரு பெண் யாரைக் கட்டிக்கொண்டாள் என்று தெரிய வேண்டுமானால், கல்யாணப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்காதீர்கள், அவளுடைய அப்பாவின் உயிலைத் தேடுங்கள். நான் இப்போது இருப்பது வர்ஜீனியாவில்தான், இங்கே பக்கத்து வீட்டு அம்மையார் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது. எழுபதைத் தாண்டியவர், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு தன் முன்னோர்களைத் தேடுவதில் முழுமூச்சாக இறங்கினார். கண்ணில் கோளாறு வந்து, பழைய கையெழுத்தைத் திரையில் படிப்பது சிரமமானபோது, வந்து படித்துக்காட்ட முடியுமா என்று என்னைக் கேட்டார். அப்படித்தான் இந்த வேலைக்குள் வந்தேன். அந்த மனிதர்களுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் போன வருஷம் அவரோடு உட்கார்ந்து படித்த ஒரு உயிலின் ஒரு வாக்கியம் இன்னும் என்னை விடவில்லை. அது ஆதாரமா இல்லையா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த ஆதாரத்தில் எவ்வளவை எழுதி வைப்பது என்பதில்தான் எனக்கும் அவருக்கும், அப்புறம் அவருடைய உறவினர் ஒருவருக்கும் ஒத்துப்போகவில்லை. குடும்பப் பெயர், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), உயிலில் வரும் பெயர்கள் எதையும் இங்கே எழுதவில்லை. வாரிசுகள் இன்றைக்கும் இருக்கிற குடும்பம்.

கல்யாணத்துக்கு ஏன் காகிதம் இல்லை

காலனி காலத்து வர்ஜீனியாவில் இங்கிலாந்துத் திருச்சபைதான் அரசு மதம். கல்யாணத்துக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சர்ச்சில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்துவிட்டு நடத்துவது. செலவு குறைவு என்பதால் சாதாரணக் குடும்பங்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்தன. அந்தச் சர்ச்சின் பதிவேடு தொலைந்துபோயிருந்தால் அந்தக் கல்யாணமும் தொலைந்தது, கோர்ட்டில் அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. இன்னொன்று, கவுண்டி கோர்ட்டில் லைசென்ஸ் வாங்குவது. அதற்கு மாப்பிள்ளையும் ஒரு ஜாமீன்தாரரும் சேர்ந்து பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் கல்யாணத்துக்குச் சட்டப்படி தடை எதுவும் இல்லை, இருப்பதாகப் பின்னால் தெரிந்தால் அரசருக்கு இவ்வளவு கட்டுகிறோம் என்று அதில் எழுதியிருக்கும். விடுதலைக்குச் சற்று முந்தைய பத்திரங்களில் அந்தத் தொகை பெரும்பாலும் 50 பவுண்டு. அந்த நேரத்தில் யாரும் பணம் கட்டுவதில்லை, வெறும் உறுதிமொழிதான்.

இந்தப் பத்திரம் கிடைத்தால் முதலில் மாப்பிள்ளை பெயரைப் பார்க்கக்கூடாது, ஜாமீன் போட்டவரைப் பார்க்க வேண்டும். அநேகமாக அது பெண்ணின் அப்பாவாக, அண்ணனாக, சித்தப்பாவாக இருக்கும். பெண்ணுக்கு 21 வயது ஆகவில்லை என்றால் அப்பாவின் சம்மதச் சீட்டும் கூட இருக்கும். உள்ளங்கை அகலத்தில், எதிலிருந்தோ கிழித்த காகிதம். என் மகளுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்று இரண்டு வரி, கீழே அந்த நேரத்தில் வீட்டில் இருந்த இரண்டு பேரின் சாட்சிக் கையெழுத்து. நான் பார்த்த காகிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தவை இந்தச் சீட்டுகள்தான். உயிலில் இருக்கும் சட்ட மொழி இவற்றில் இல்லை. எழுத்துப் பிழையோடு, ஒரு தகப்பன் பேசுகிற மாதிரியே இருக்கும்.

ஆனால் இதெல்லாம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அம்மையாரின் வம்சத்தில் ஏழு தலைமுறைக்கு முந்தைய பாட்டிக்குப் பெயர் மட்டும்தான் தெரியும், பிறந்த வீடு தெரியாது. 1760களில் கல்யாணம் நடந்திருக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் வயதை வைத்துப் போட்ட கணக்கு. அந்தக் கவுண்டியின் பழைய காகிதங்கள் எல்லாம் உள்நாட்டுப் போரில் போய்விட்டன. போர் நடந்தபோது பல கவுண்டிகள் தங்கள் ஆவணங்களைப் பாதுகாப்புக்காக ரிச்மண்டுக்கு அனுப்பி வைத்தன. 1865 ஏப்ரலில் தென்மாநிலப் படை ரிச்மண்டைக் காலி செய்தபோது மூட்டிய தீ பரவி, அவை அத்தனையும் எரிந்தன. அதே மாநிலத்தில், செசபீக் விரிகுடாவுக்குக் கிழக்கே இருக்கிற நார்தாம்ப்டன் கவுண்டியில் 1632 முதல் கோர்ட் ஆவணங்கள் விடாமல் தொடர்ச்சியாக இருக்கின்றன. எந்தக் கவுண்டியில் வாழ்ந்தார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பத்துக்கு வரலாறு இருப்பதும் இல்லாததும்.

வடக்கே போனால் கதை வேறு. மாசச்சூசெட்ஸில் பியூரிட்டன்கள் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர் கல்யாணத்தை அரசாங்க விஷயமாகத்தான் பார்த்தார்கள். 1621இல் பிளிமத்தில் நடந்த முதல் கல்யாணத்தையே பாதிரியார் நடத்தவில்லை. டவுன் கிளார்க்குகள் பிறப்பு, கல்யாணம், இறப்பு என்று எழுதிவைத்தார்கள். பென்சில்வேனியாவின் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இன்னும் ஒரு படி மேல். கல்யாணத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும், பெண்கள் உட்பட, சான்றிதழில் கையெழுத்துப் போடுவார்கள். அப்படி ஒரு சான்றிதழ் கிடைத்தால் ஒரு ஊரே கிடைத்த மாதிரி. அம்மையாரின் முன்னோர்கள் குவேக்கர்களாக இருந்திருக்கக்கூடாதா என்று நான் நினைத்ததுண்டு.

உயிலில் யார் இருப்பார்கள், யார் இருக்கமாட்டார்கள்

பத்திரம் இல்லாத இடத்தில் உயிலுக்குப் போக வேண்டும். சுற்றியுள்ள கவுண்டிகளில், அந்தப் பெயரில் மகள் இருக்கக்கூடிய வயதில் இறந்த ஆண்கள் ஒவ்வொருவரின் உயிலாகப் படித்தோம். ஃபேர்ஃபாக்ஸ் நூலகத்தில் இருக்கும் வர்ஜீனியா அறையில் பாதி, வீட்டில் கணினியில் பாதி. கொஞ்ச நாளில் உயில் படிக்கிற கை வந்துவிடும். கடவுளின் பெயரால் ஆமென் என்று ஆரம்பிக்கும். உடம்பு நலிந்திருக்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது என்று அடுத்த வரி. ஆன்மாவைக் கடவுளிடமும் உடலை மண்ணிடமும் ஒப்படைத்த கையோடு, நிலத்துக்கும் மாட்டுக்கும் இறகு மெத்தைக்கும் போய்விடும். இறகு மெத்தை அந்த வீடுகளில் பெரிய சொத்து. எந்த மெத்தை யாருக்கு என்று தனியாகவே எழுதுவார்கள். எழுதிய தேதியும், கோர்ட்டில் சாட்சிகள் சத்தியம் செய்து உயிலை நிரூபித்த தேதியும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில்தான் மனிதர் இறந்திருக்கிறார்.

தேதியிலும் கவனம் வேண்டும். 1752 வரைக்கும் அவர்களுக்கு வருஷம் மார்ச் 25இல்தான் பிறந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாளை அவர்கள் வீட்டு பைபிளில் 1731/32 பிப்ரவரி 11 என்று எழுதியிருப்பது அதனால்தான். ஜனவரியில் எழுதிய உயில் அதே வருஷம் முந்தைய நவம்பரில் பிறந்த பேரனைச் சொன்னால் குழம்பக்கூடாது.

உயிலில் பெயர் இல்லை என்பதால் பிள்ளை இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. மூத்த மகன் பெயர் பல உயில்களில் வரவே வராது. உயில் சொல்லாத நிலமெல்லாம் சட்டப்படி மூத்தவனுக்குத்தான் போகும், பிறகு எதற்கு எழுத வேண்டும்? வர்ஜீனியாவில் இந்தச் சட்டம் மாறியது 1785இல். இன்னொரு மகனுக்கு ஒரே ஒரு ஷில்லிங் என்று இருந்தால் அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொள்ளத் தோன்றும். அவனுக்குரிய பங்கை முன்பே கொடுத்தாயிற்று, மறந்துவிடவில்லை என்று காட்டத்தான் பெரும்பாலும் அந்த ஷில்லிங்.

பெண்கள் விஷயம்தான் கஷ்டம். கணவன் உயிரோடு இருக்கும்வரை மனைவி தன் இஷ்டத்துக்கு உயில் எழுத முடியாது. அவளை மகளாக அப்பாவின் உயிலில் பார்க்கலாம், மனைவியாகக் கணவனின் உயிலில் பார்க்கலாம். நடுவில் கணவன் நிலம் விற்கும்போது ஒரு தடவை எட்டிப்பார்ப்பாள். கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை அவன் இறந்த பிறகு வாழ்நாள் முழுக்க அனுபவிக்கிற உரிமை அவளுக்கு உண்டு. அதை விட்டுக்கொடுக்கச் சம்மதமா, யாரும் வற்புறுத்தவில்லையே என்று நீதிபதிகள் அவளைத் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும், கணவன் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஒரு பெண்ணிடம் அவள் வாயாலேயே பதில் கேட்டு எழுதிய இடம் இந்தக் காகிதங்களில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதுவும் நிலம் கைமாறுவதற்காக.

பணக்கார விதவைகளுக்கு மறுமணம் சீக்கிரம் நடந்தது. வாஷிங்டனே அப்படித்தான் பணக்காரர் ஆனார், அதற்குப் பிறகு வருகிறேன். நம் ஊரிலும் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரிஸ் சர்ச்சின் பதிவேட்டில் முதல் கல்யாணம் 1680 நவம்பரில் நடந்த எலிஹு யேலுடையது. பிறந்தது பாஸ்டனில், 1649இல். பிற்பாடு கோட்டையின் கவர்னர் ஆனவர், யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர். அவர் கட்டிக்கொண்டது, அந்த வருஷம்தான் கணவனை இழந்திருந்த கேத்தரின் ஹின்மர்ஸை. யேல் வம்சத்தைத் தேடுகிறவர்கள் கனெக்டிகட்டில் ஆரம்பித்தாலும் சென்னைக்கு வந்தே ஆக வேண்டும்.

அந்த வாக்கியம்

எங்களுக்கு வேண்டிய உயில் பக்கத்துக் கவுண்டியில் இருந்தது, 1770களில் எழுதியது. கிளார்க் உயில் புத்தகத்தில் பிரதி எடுத்து வைத்ததை மைக்ரோஃபிலிம் பிடித்து, அதைப் பிறகு ஸ்கேன் செய்திருக்கிறார்கள். மறுபக்கத்து மை ஊறி இந்தப் பக்கத்து எழுத்தோடு கலந்துபோயிருந்தது. வார்த்தைக்கு நடுவில் வரும் 'எஸ்' எல்லாம் 'எஃப்' மாதிரி நீண்டு கிடக்கும். நிலம் மகன்களுக்கு, மெத்தை மனைவிக்கு என்று படித்துக்கொண்டே போனேன். மகளுக்கு வந்தபோது, மகளின் பெயர், அவள் இன்னாருடைய மனைவி என்பது, அந்த இன்னாரின் பெயர். அம்மையார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவருடைய ஏழு தலைமுறைக்கு முந்தைய தாத்தாவின் பெயர் அது. குடும்பத்தில் அவருக்கு முன்னால் இரண்டு தலைமுறை தேடிக் கிடைக்காத கல்யாணம். அவர் கண்ணில் நீர் வந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வாக்கியம் அங்கே முடியவில்லை. மகளுக்கு என்ன கொடுத்தார் என்பது மீதி. ஒரு நீக்ரோச் சிறுமியின் பெயர். ஏற்கெனவே மருமகன் வசம் இருக்கிற அந்தச் சிறுமியை, இனி அவளுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளோடு சேர்த்து, மகளுக்கும் மகளின் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும் கொடுப்பதாக எழுதியிருந்தார். அந்த வீட்டில் அதே பெயரில் இன்னொரு சிறுமியும் இருந்திருக்கிறாள். எந்தச் சிறுமி என்று பின்னால் தகராறு வரக்கூடாது என்பதற்காக, இன்னாளின் மகள் என்று அம்மாவின் பெயரையும் சேர்த்திருந்தார். இரண்டு பத்தி தள்ளி அந்த அம்மாவின் பெயர் வந்தது. அவளும் அவளுடைய கடைசி இரண்டு பிள்ளைகளும் ஒரு மகனுக்கு.

ஏற்கெனவே மருமகன் வசம் இருக்கிறாள் என்பதைக் கவனியுங்கள். கல்யாணத்தின்போதே சீரோடு சீராக அந்தச் சிறுமியை அனுப்பியாகிவிட்டது, உயில் அதைச் சட்டப்படி உறுதிசெய்கிறது, அவ்வளவுதான். மகளுக்குக் கொடுத்ததை மாப்பிள்ளை வீட்டில் வைத்துவிட்டுப் பிறகு உயிலில் எழுதுவது அங்கே வழக்கமாக இருந்தது. பிறக்கப்போகிற பிள்ளைகளையும் எழுத முடிந்ததற்குக் காரணம் 1662இல் வர்ஜீனியா போட்ட சட்டம். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும். ஆக, அந்தச் சிறுமியை அம்மாவிடமிருந்து பிரித்து அனுப்பியிருக்காவிட்டால், அப்பா மகளுக்குக் கல்யாணத்தன்று கையில் ரொக்கமாகக் கொடுத்து முடித்திருந்தால், அந்த மகளின் பெயரும் அவளுடைய புருஷன் பெயரும் உயிலில் வந்திருக்கவே தேவையில்லை. ஓர் அம்மாவும் மகளும் பிரிந்ததால்தான் பக்கத்து வீட்டு அம்மையாருக்குத் தன் பாட்டியின் பிறந்த வீடு தெரியவந்தது. இதைத்தான் என்னால் தள்ளிவைக்க முடியவில்லை.

அன்று அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சில நாள் கழித்து அவர் உயிலின் சுருக்கத்தைத் தட்டச்சு செய்து எனக்கு அனுப்பினார். மகள், மருமகன், மகன்கள், மனைவி, சாட்சிகள், எல்லோர் பெயரும் இருந்தன. மகள் பெயருக்கு எதிரே, ஒரு நீக்ரோச் சிறுமி என்று மட்டும் இருந்தது. அவர் வேண்டுமென்றே விட்டார் என்று நான் நினைக்கவில்லை. அச்சில் வந்திருக்கிற பழைய உயில் சுருக்கங்கள் நிறைய இப்படித்தான் இருக்கின்றன. வாரிசுகளின் பெயர், நிலத்தின் ஏக்கர், அப்புறம் சில நீக்ரோக்கள் என்று முடித்திருப்பார்கள். அதைப் படித்தே வளர்ந்த கை அப்படியே எழுதும். மூலத்தில் பெயர் இருக்கிறதே, ஏன் விட வேண்டும் என்று கேட்டேன். "நானும் பார்த்தேன்," என்றார். "அது வேறு குடும்பத்தின் விஷயம் இல்லையா? அதை எழுத எனக்கு என்ன உரிமை என்று யோசித்தேன்." உறவினர் ஒருவர், அவருக்குத் தம்பி முறை, இன்னும் நேராகச் சொன்னார்: "நாம் நம் வம்சத்தைத் தேடுகிறோம். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததை இப்போது எதற்குக் கிளற வேண்டும்?"

யாருக்கு அந்தப் பெயர் வேண்டும்

உரிமை என்று அவர் கேட்டதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் முன்னோர்களைத் தேடுகிற விதத்தைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். அவர்களுடைய தேடல் 1870இல் சுவரில் போய் முட்டும். அடிமை விடுதலைக்குப் பிறகு எல்லோரையும் பெயரோடு எழுதிய முதல் மக்கள்தொகைக் கணக்கு அந்த வருஷத்தியது. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை உண்டு. அதில் பெயர் இருப்பது முதலாளிக்கு மட்டும். அவருக்குக் கீழே பெண் 30, ஆண் 12 என்று வயதும் பாலும் நிறமும்தான். அவர்கள் செய்துகொண்ட கல்யாணங்களைச் சட்டம் கல்யாணமாகவே ஏற்கவில்லை, அதனால் ஜாமீன் பத்திரமும் இல்லை, சம்மதச் சீட்டும் இல்லை. 1866இல்தான் வர்ஜீனியா, கணவன் மனைவியாக வாழ்ந்துகொண்டிருந்தவர்களைச் சட்டப்படி தம்பதிகள் என்று ஏற்றுக்கொண்டு பதிவேடு போட்டது. அதற்கு முன்னால் போக ஒரே வழி, முதலாளியின் வீட்டுக் காகிதங்கள். அவனுடைய உயில், அவன் இறந்த பிறகு எடுத்த சொத்துப் பட்டியல், பாகப்பிரிவினை. அம்மையாருக்கு அவருடைய பாட்டியைக் காட்டிய அதே வாக்கியம்தான் இன்னொரு குடும்பத்துக்கு அவர்களுடைய பாட்டியைக் காட்டக்கூடிய ஒரே வாக்கியமாக இருக்கும். அதைச் சுருக்கும்போது பாதியை வெட்டினால் அந்த வழி அடைபடும்.

இப்படி நடந்ததற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் வாஷிங்டனின் பண்ணையான மவுண்ட் வெர்னன், நான் இருக்கும் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியிலேயே இருக்கிறது. வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் பெரிய பணக்காரர். 1757இல் உயில் எழுதாமலே இறந்துபோனார். உயில் இல்லாததால் சட்டப்படி நிலத்திலும் அடிமைகளிலும் மூன்றில் ஒரு பங்கு, வாழ்நாள் அனுபவமாக மட்டும், மார்த்தாவுக்கு வந்தது. அதில் எண்பதுக்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். 1759 ஜனவரியில் அவர் வாஷிங்டனை மணந்தார். நாற்பது வருஷம் கழித்து, 1799இல், வாஷிங்டன் தன் உயிலில் தனக்குச் சொந்தமான அடிமைகளுக்கு விடுதலை எழுதியபோது மவுண்ட் வெர்னனில் இருந்த 317 பேரில் 123 பேர்தான் அவருடையவர்கள். 153 பேர் கஸ்டிஸ் சொத்து. அவர்களை விடுவிக்க வாஷிங்டனுக்கும் அதிகாரம் இல்லை, மார்த்தாவுக்கும் இல்லை. இதற்குள் இரண்டு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு பிள்ளைகள் பெற்றிருந்தார்கள். அது வாஷிங்டனுக்கு நன்றாகவே தெரியும். அந்த வருஷம் அவர் எடுத்த பட்டியலில் யார் யாருடைய கணவன், யார் யாருடைய மனைவி, எந்தப் பண்ணை என்று குறித்திருக்கிறார். பிரிவு வேதனையாக இருக்கும் என்று உயிலிலேயே சொல்லியிருக்கிறார். 1802இல் மார்த்தா இறந்ததும் கஸ்டிஸ் பங்கில் இருந்தவர்கள் நான்கு பேரக்குழந்தைகளுக்குப் பிரிந்து போனார்கள். விடுதலையான கணவன், அடிமையாகவே இருந்த மனைவி, அவளோடு பிள்ளைகள். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒருவர் எழுதாமல் விட்ட உயில் வரைக்கும் போகிறது இதன் வேர். வாஷிங்டனின் பட்டியல் பெயர்களோடு கிடைத்ததால்தான் அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் இன்று தங்களை அடையாளம் காண முடிகிறது. எங்கள் உயிலில் இருந்த அம்மாவுக்கும் மகளுக்கும் அப்படிப் பட்டியல் எடுத்தவர் யாரும் இல்லை. இரண்டு பத்திகளில் இரண்டு பெயர், அவ்வளவுதான் இருக்கிறது.

இந்தக் காகிதங்களில் நம்மவர் போல ஒருவரும் வருகிறார். 1630களில், கப்பலில் ஆள் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர் என்று வர்ஜீனியாவில் நிலம் கொடுத்தார்கள். ஜார்ஜ் மெனிஃபி என்பவர் அப்படி நிலம் கேட்டுக் கொடுத்த பட்டியலில் டோனி, கிழக்கிந்தியர் என்று ஒரு பெயர் இருக்கிறது. அமெரிக்க ஆவணங்களில் முதலில் வருகிற தெற்காசியர் என்று இவரைச் சொல்கிறார்கள். எந்தக் கரையில் பிறந்தார், யார் பெற்றார்கள், ஒன்றும் கிடையாது. இன்னொருவருடைய 50 ஏக்கருக்குக் கணக்காகத்தான் அவர் பெயரும் தப்பித்திருக்கிறது. அம்மையாரிடம் இதைச் சொன்னேன். அந்தப் பட்டியலை யாராவது சுருக்கி எழுதும்போது சில வேலைக்காரர்கள் என்று முடித்திருந்தால் எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்றும் சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து அவரே உயிலை முழுதாக, சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்தார். எதையும் சுருக்கவில்லை. அந்தச் சிறுமி, அதே பெயரில் இருந்த இன்னொரு சிறுமி, அம்மா, கடைசி இரண்டு பிள்ளைகள், எல்லோரையும் தனியாகப் பட்டியலிட்டு, யாருக்கு யார் போனார்கள் என்றும் குறித்து, நூலகத்துக்குக் கொடுத்தார். ரிச்மண்டில் இருக்கும் லைப்ரரி ஆஃப் வர்ஜீனியா கறுப்பினத்தவர் குறித்த பழைய ஆவணங்களை 'வர்ஜீனியா அன்டோல்ட்' என்ற பெயரில் இணையத்தில் திரட்டிவருகிறது. அங்கேயும் தேடிப் பழகிக்கொண்டார். தம்பி முறை உறவினர் தன் பிரதியில் அந்தப் பக்கத்தைச் சேர்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "அது உன் இஷ்டம், என் பிரதியில் இருக்கும்," என்று இவரும் சொல்லிவிட்டார். அவர்களுக்குள் பேச்சு நிற்கவில்லை, நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு வந்துபோனார்கள்.

இப்போது அந்தச் சிறுமியைத் தேடுகிறோம். 16 வயது முடிந்திருந்தால் அடிமைப் பெண்களும் வரிக்கணக்கில் வருவார்கள், ஆனால் மருமகனின் கவுண்டியில் அந்தப் பட்டியல்கள் எரிந்துபோனவற்றில் சேர்த்தி. மருமகன் கடைசிக் காலத்தில் மேற்கே இன்னொரு கவுண்டிக்குக் குடிபெயர்ந்து அங்கேதான் இறந்தார், அந்தக் கோர்ட்டின் காகிதங்கள் இருக்கின்றன. அவருடைய சொத்துப் பட்டியலை வரவழைக்கச் சொல்லியிருக்கிறோம். அதில் அவள் இருந்தால், அப்போது முப்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். பிள்ளைகள் இருந்தால் பெரும்பாலும் தாயின் பெயருக்கு அடுத்தே எழுதுவார்கள். அம்மா போன மகன் வீட்டுக் காகிதங்களை நான் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1780களில் அவன் தெற்கே வட கரோலினாவுக்கு நிலம் வாங்கிப் போனது பத்திரத்தில் தெரிகிறது. அவளையும் கூட்டிப் போனானா, போகும் முன் விற்றானா என்பது அடுத்த பத்திரப் புத்தகத்தில் இருக்க வேண்டும்.